பத்துக்கு எத்தனை?

"பத்துக்கு எத்தனை மேடம்?"

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்த நேரத்திலிருந்து இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிரஷர் பார்க்க வரும்போதும் கேட்பார்கள், டிரிப்ஸ் மாற்ற வரும்போதும் கேட்பார்கள், நடு ராத்திரியில் எழுப்பியும் கேட்பார்கள். சைபர் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் இதற்கு மேல் ஒரு வலி இருக்க முடியாது. நான் "மூணு சிஸ்டர்" என்பேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

முதல் நாள் அந்த மூணு உண்மை. இரண்டாம் நாள் அது பொய். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு பெண் போனில் பேசினார். கணவருக்குக் கல்லீரல் கொடுக்கப் போகிறார். செலவு, லீவு, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வலி எப்படிக்கா இருக்கும்?" என்றார், கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல. "அவருக்கு உயிர்ப் பிரச்சினை, நான் போய் வலியப் பத்திக் கேக்கறேன் பாருங்க" என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். எனக்கு மனது தாங்கவில்லை. நானும் அதையேதான் நினைத்தேன். நினைத்ததால்தான் அந்தப் பாடு பட்டேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. குடிப்பழக்கம் கிடையாது. கொழுப்பு படிந்தே ஈரல் சுருங்கிப்போய், வயிற்றில் நீர் கோத்து, இரண்டு தடவை நினைவு தப்பியது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க அவரிடம் நாள் இல்லை. அம்மாவுக்கு வயது கூடிவிட்டது. தம்பிக்கு ரத்த வகை சேரவில்லை. நான் சேர்ந்தேன். விருதுநகரிலிருந்து சென்னைக்குப் போய், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மனநல ஆலோசனை, அங்கீகாரக் குழுவின் முன்னால் வீடியோ கேமரா வைத்த நேர்காணல் என்று மூன்று வாரம் ஓடியது. என் ஈரலின் வலது மடல், கிட்டத்தட்ட அறுபது சதவீதம், அப்பாவுக்குப் போனது. எனக்கு ஏழு மணி நேரம், அவருக்குப் பதினொரு மணி நேரம். இருவரும் நன்றாக இருக்கிறோம். இனி வலிக்கு வருகிறேன்.

இந்த அறுவை ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று எனக்கு முதலில் விளக்கியவர் மயக்க மருந்து டாக்டர். ஒரு பேப்பரில் படம் வரைந்து காட்டினார். ஈரல் விலா எலும்புக் கூட்டுக்குள்ளே, உதரவிதானத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதை எட்ட, நெஞ்சுக்குழியிலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும் ஒரு நீண்ட வெட்டு. வயிற்றுத் தசைகள் அறுபடும். கீழ் விலாவை இரும்புக் கொக்கி மணிக்கணக்கில் தூக்கிப் பிடித்திருக்கும். வெளியே தையல் போட்ட இடம் ஒரு வலி, உள்ளே ஈரலை வெட்டிய இடம் ஒரு வலி, இழுபட்ட விலா ஒரு வலி. இது போக, வலது தோள்பட்டையும் வலிக்கும் என்றார். தோளை யாரும் தொடப்போவதில்லையே என்றேன். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளில் உணர்ச்சி தரும் நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன, உதரவிதானம் உரசப்பட்டால் மூளை அதைத் தோள் வலி என்று எடுத்துக்கொள்ளும் என்றார். அவர் சொன்னபடியே ஆனது. முன்பே தெரிந்திருந்ததால் பயப்படவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று மனதில் நிற்கிறது. "உங்களுக்கு வலியக் குறைக்கிறது சொகுசுக்காக இல்லம்மா. வலி இருந்தா மூச்ச உள்ள இழுக்க மாட்டீங்க. இரும மாட்டீங்க. அடி நுரையீரல் சுருங்கிப் போயிரும். சளி கட்டும், காய்ச்சல் வரும், நிமோனியா வரைக்கும் போகும். எழுந்து நடக்கலன்னா கால்ல ரத்தம் உறையும்."

முதுகில் மெல்லிய குழாய் வைத்து நாள்கணக்கில் மரத்துப்போகும் மருந்து விடுவது எபிடூரல். பிரசவத்தில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவைகளில் வலியை அடக்குவதில் அது கெட்டிக்காரன். ஆனால் டோனர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவை ஈரலில்தான் தயாராகின்றன. பாதிக்கு மேல் ஈரலை எடுத்துவிட்டால், முதல் சில நாட்களுக்கு அந்தத் தயாரிப்பு குறையும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறும், பிளேட்லெட் இறங்கும். அதே நேரத்தில் முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் குழாயை உருவினால், அங்கே ரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்திவிடும் அபாயம் உண்டு. மிக அரிதாக நடப்பது. நடந்தால் கால்கள் செயலிழக்கலாம். காலில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் ஊசி நேரத்தையும் இதோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எபிடூரலே போடுகிற மருத்துவமனைகளும் உண்டு. ரத்தப் பரிசோதனை சரியாகும்வரை காத்திருந்து குழாயை எடுப்பார்கள். அதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆரோக்கியமாக நடந்து வந்தவரை அந்தச் சிறு அபாயத்துக்குள்ளும் தள்ளவேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் டாக்டர் இரண்டாவது வகை. யார் சரி என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் எந்த வழி, ஏன் அந்த வழி என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்லும் டாக்டர் கிடைத்தால் பாதி பயம் போய்விடும்.

எனக்குப் போட்ட திட்டம் இது. அறுவைக்கு முன் முதுகில் ஒரே ஒரு மார்ஃபின் ஊசி, குழாய் எதுவும் கிடையாது. அதன் பலன் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். பிறகு பிசிஏ பம்ப். நாமே பட்டனை அழுத்தி ஃபென்டனில் என்ற வலி மருந்தை ஏற்றிக்கொள்ளும் கருவி. கூடவே பாரசிட்டமால் டிரிப்ஸ். ஒரே மருந்தை அதிகமாகக் கொடுக்காமல், பல மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுப்பதுதான் இப்போதைய முறையாம். மீந்திருக்கும் சின்ன ஈரல்தான் இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றைச் சுத்திகரித்து வெளியேற்ற வேண்டும். ஒன்றையே கூட்டிக் கொடுத்தால் உடம்பில் தேங்கித் தூக்கத்தில் ஆழ்த்திவிடும், மூச்சையும் மந்தப்படுத்தும்.

முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மூக்கு நுனியும் கன்னமும் அரித்துக்கொண்டே இருந்ததுதான் தொல்லை. மார்ஃபின் செய்யும் வேலை அது. மணிக்கொரு தரம் எழுப்பி மூச்சை எண்ணினார்கள். எரிச்சலாக வந்தது. அந்த ஊசி பல மணி நேரம் கழித்தும் மூச்சைக் குறைத்துவிடக்கூடும், அதற்காகத்தான் விழித்திருந்து எண்ணுகிறார்கள் என்று தெரிந்தபோது அந்த ராத்திரி சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

டோனராகப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சுகமாக இருப்பதை வைத்து, இவ்வளவுதான் வலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊசியின் பலன் இறங்கும் நேரம் ஒன்று வரும். எனக்கு மறுநாள் சாயங்காலம் வந்தது. அதே நேரத்தில்தான் அப்பா வீடியோ காலில் வந்தார்.

தொண்டைக் குழாயை மத்தியானம்தான் எடுத்திருந்தார்கள். ஐசியூ சிஸ்டர் ஒருவர் போனைப் பிடித்திருந்தார். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது. குரல் கரகரவென்று வந்தது. முதல் வார்த்தையே, "வலிக்குதா தாயி?"

"இல்லப்பா. ஒண்ணுமே இல்ல."

வேறு என்ன சொல்ல முடியும்? ஆறு மாதமாக, "பிள்ளய அறுத்து நான் பொழைக்கணுமா?" என்று மறுத்துக்கொண்டே இருந்த மனுஷர் அவர். போன் இன்னும் அணையவில்லை. என் பக்கத்தில் நின்ற சிஸ்டர் கேட்டார்: "பத்துக்கு எத்தனை மேடம்?" அப்பா திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மூணு" என்றேன். அப்போது எனக்கு ஆறு இருக்கும்.

அதற்குப் பிறகு போன் இல்லாத நேரத்திலும் மூணுதான் சொன்னேன். ஒருமுறை சொன்ன பொய்யை மாற்றக் கூச்சம். பக்கத்துக் கட்டிலில் என்னைவிடச் சின்னப் பெண், தன் குழந்தைக்கு இடது பக்கத் துண்டு கொடுத்தவள், முனகாமல் படுத்திருந்தாள். எனக்குத் துணையாக இருந்த சித்தி, "அந்தப் பட்டன ரொம்ப அமுக்காத கண்ணு, மருந்து ஈரலக் கெடுத்துரும், பழக்கமாயிரும்" என்று சொல்லியிருந்தார். அழுத்தும்போதெல்லாம் பம்ப் ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்கே பயந்து ராத்திரி முழுவதும் பட்டனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். வலது விலாவுக்குக் கீழே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பாரம். மேலோட்டமாக, நாய் மூச்சு வாங்குவதுபோல மூச்சு விட்டேன்.

காலையில் காய்ச்சல். விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் 92. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருந்தது.

அன்றைக்கு வலி நிவாரணக் குழுவின் டாக்டர் வந்தார். இளம் வயதுப் பெண். சார்ட்டைப் பார்த்தார், ராத்திரி முழுக்க மூணு, மூணு, மூணு. பம்ப்பில் ஏதோ பொத்தான்களைத் தட்டினார். எத்தனை முறை அழுத்தினேன் என்பது அதில் பதிவாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒருமுறைகூட இல்லை. அவர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒருதடவ இருமுங்க" என்றார்.

என்னால் இரும முடியவில்லை. தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்போ பத்துக்கு எத்தனை?"

"எட்டு."

"அசையாமப் படுத்திருக்கும்போது வர்ற நம்பர் எனக்கு வேண்டாம். இருமும்போது, திரும்பும்போது, எழுந்து உட்காரும்போது வர்ற நம்பர்தான் வேணும். அதத்தான் நான் குறைக்கணும்."

இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு. அதுவரை கேட்ட எல்லோரும் படுத்திருக்கும்போதுதான் கேட்டார்கள். அசையாமல் கிடந்தால் பெரிய காயமும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.

அன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, அல்ட்ராசவுண்டு கருவியை உருட்டிக்கொண்டு வந்தார். விலாவுக்குக் கீழே, வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி மரப்பு மருந்து விட்டார். வெட்டுக் காயத்திலிருந்து சேதி கொண்டு போகும் நரம்புகள் அந்த அடுக்கு வழியாகத்தான் ஓடுகின்றனவாம். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் போகாததால் ரத்தக் கசிவு பயமும் அங்கே குறைவு. திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் விலகி, நடுவில் மருந்து ஒரு வாழை இலை விரிவதுபோல விரிந்ததைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில், விலாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த ஆள் எழுந்து போய்விட்டார். விலா லேசானது. உள்ளே ஆழமான வலி கொஞ்சம் இருந்தது. அதற்குப் பட்டன் இருந்தது.

தலையணையை மடித்து வயிற்றோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட். இருமினேன். சளி வந்தது. மூன்று பந்து வைத்த ஊதுகுழல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள், ஸ்பைரோமீட்டர். அதில் ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். ராத்திரி முதல் பந்துகூட அசையவில்லை. அன்று மத்தியானம் இரண்டாவது பந்து துள்ளி மேலே நின்றது. சாயங்காலம் கட்டிலைச் சுற்றி நடந்தேன். மறுநாள் காய்ச்சல் இல்லை.

பட்டனைப் பற்றிச் சித்தி சொன்னதையும் அந்த டாக்டரிடம் கேட்டேன். அழுத்தினால் ஒரு சின்ன அளவு மட்டும் போகும், பிறகு சில நிமிஷங்களுக்கு எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் போகாது. சில நாட்கள் வலிக்காக எடுத்துக்கொள்வதும் அடிமையாவதும் வேறு வேறு என்றார். ஆனால் ஒன்றில் கறாராக இருந்தார். நோயாளியைத் தவிர வேறு யாரும் அந்தப் பட்டனைத் தொடக்கூடாது. மருந்து கூடினால் தூக்கம் வரும், தூங்குகிறவர் அழுத்த மாட்டார், அதுதான் அந்தக் கருவியின் பாதுகாப்பே. அதே சித்தி அன்று ராத்திரி, நான் தூக்கத்தில் முனகுவதைப் பார்த்துப் பாசத்தில் அழுத்தப் போய், சிஸ்டர் ஓடிவந்து தடுத்தார். கூட இருக்கப் போகிறவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

பிறகு ஒருநாள் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர்கள் 2004-இல் ஒரு ஒப்பீடு வெளியிட்டார்கள். ஈரலில் கட்டி வந்து பெரும் பகுதியை வெட்டி எடுத்துக்கொண்ட நோயாளிகள் ஒரு பக்கம், வலது மடலைத் தானம் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். கிட்டத்தட்ட ஒரே மாதிரி அறுவை. ஆனால் தானம் கொடுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கட்டியோடு வந்தவர் கட்டியை விட்டுவிட்டு எழுகிறார். நாம் நேற்றுவரை மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்கள். உடம்பில் ஒரு நோயும் இல்லாமல் உள்ளே போய், வலியோடு வெளியே வருகிறோம். இது என் எண்ணம்தான், ஆராய்ச்சி முடிவல்ல.

1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஜப்பானைச் சேர்ந்த ஒரு தாய் தன் குழந்தைக்கு ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். உயிரோடிருப்பவர் கொடுத்து வெற்றி பெற்ற முதல் மாற்று அறுவை அது. செய்தவர் ரஸ்ஸல் ஸ்ட்ராங். இந்தியாவில் அப்படி முதல் வெற்றி 1998-இல் டெல்லியில் கிடைத்தது. குழந்தை நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது, கொடுத்தவர் தகப்பனார். அந்தத் தாயும் அந்தத் தகப்பனும் முதல் வாரத்தை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் பத்துக்கு எத்தனை என்று யாராவது கேட்டிருப்பார்களா?

வார்டுக்கு மாறிய பிறகு தையலைவிட வாயுதான் படுத்தியது. ஃபென்டனில் வகை மருந்துகள் குடலையும் தூங்க வைத்துவிடும். வயிறு பானை மாதிரி உப்பி, தையலை உள்ளிருந்து இழுக்கும். நடக்க நடக்கத்தான் சரியாகும். மலமிளக்கி சிரப்பை வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் நாள் எனக்கு வயிறு போனபோது அம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தார். எட்டாம் நாள் டிஸ்சார்ஜ்.

வீட்டுக்கு வந்தவுடன் இருக்கும் ஆபத்து மெடிக்கல் ஷாப். பாரசிட்டமால் டோனருக்குக் கொடுக்கக்கூடிய மருந்துதான், ஆனால் அளவு குறைவு. எனக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம், நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் அளவு. டோலோ 650 வீட்டில் இருக்கிறதே என்று நாலு வேளை போட்டால் அது 2.6 கிராம். இதைவிட மோசம், உடம்பு வலி என்று சொன்னாலே கடைக்காரர் நீட்டும் கூட்டு மாத்திரை. பாரசிட்டமாலோடு டிக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ கலந்திருக்கும். அது பிளேட்லெட்டின் வேலையைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் இரைப்பையையும் தாக்கும். ஈரல் வளர்ந்துகொண்டிருக்கும் அந்த வாரங்களில் டாக்டர் எழுதித் தராமல் அதைத் தொடவே கூடாது. எனக்கு ஒரு பல்வலி வந்தபோது தம்பி ஓடிப்போய் வாங்கிவந்தது அதைத்தான். அட்டையைத் திருப்பிப் படித்ததால் தப்பித்தேன்.

மூன்றாவது மாதம் ஸ்கேனில் ஈரல் நன்றாக வளர்ந்திருந்தது. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். எனக்கு மட்டும் தழும்பின் வலது கோடியில், சேலை உரசினாலே சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல ஒரு வலி. அதற்கு மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தது. செக்கப்பில் சொன்னேன். "ரிப்போர்ட் எல்லாம் பர்ஃபெக்டா இருக்கே" என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பழைய நானாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். "ரிப்போர்ட்ல வலி வராது டாக்டர். இருமும்போது பத்துக்கு அஞ்சு, துணி பட்டா ஆறு" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தழும்பைத் தொட்டுப் பார்த்தார். வலி நிவாரணப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அறுபட்ட நரம்பு செய்யும் வேலை அது, அதற்கு மாத்திரையே வேறு என்று ராத்திரிக்கு ஒன்று கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் சேலை கட்ட முடிந்தது.

கனடாவில் டொரண்டோவில் டோனர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் பத்தில் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஏதோ ஒரு வலி மிச்சம் இருந்தது. பெரும்பாலும் தாங்கக்கூடிய வலிதான். முதல் நாட்களில் வலி அடங்காமல் கிடப்பவர்களுக்கு இப்படி நீடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது பல அறுவைகளில் மருத்துவர்கள் கண்டது. பட்டனைத் தலையணைக்குக் கீழே வைத்த அந்த ஒரு ராத்திரி எனக்கு என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நினைத்தால் உறுத்துகிறது.

போனில் பேசிய பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன். மயக்க மருந்து டாக்டரைத் தனியாகப் பார்த்து, எபிடூரலா ஊசியா என்று கேட்கச் சொன்னேன். கணவரோடு போன் பேசும்போது சிஸ்டர் வலியைக் கேட்டால், போனை வைத்துவிட்டுப் பதில் சொல்லச் சொன்னேன். இதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர்கிட்ட என்னன்னுக்கா சொல்றது?" என்றார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. என் வீட்டில் நடந்ததைத்தான் சொன்னேன்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். திண்ணையில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். நான் அறியாமலே வலது விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் பார்த்துவிட்டார்.

"வலிக்குதா தாயி?"

இல்லப்பா என்று வாய் வரை வந்துவிட்டது.

"கொஞ்சம் இழுக்குதுப்பா. பத்துக்கு ரெண்டு."

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். சட்டையைத் தூக்கித் தன் தழும்பில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இங்கன மூணு" என்றார். "ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

அம்மா உள்ளேயிருந்து வெந்நீர்ப் பையை எடுத்து வந்தார். ஒன்றுதான் இருந்தது. முதலில் அவருக்கு வைத்தேன், பிறகு எனக்கு.